கடலில் வைத்த புள்ளி

நாங்கள் சாகப்போகிறோம் என்ற தகவல் 2004ஆம் ஆண்டு மார்ச் பதினெட்டாம் தேதி, வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு மின்னஞ்சலில் வந்தது. முப்பத்தொரு பேரும் அப்போது டோநட் தின்றுகொண்டிருந்தோம். வியாழக்கிழமை தோறும் டோநட் வாங்கி வைப்பது என் வேலை. வரவேற்பு மேசை, தபால், காப்பித்தூள், இன்சூரன்ஸ் காகிதங்கள், மாடிப்படி விளக்கு, எல்லாமே என் வேலைதான். என் பெயர் ஓப்பல் ரக்கர். இந்த சான் பிரான்சிஸ்கோவில் நான் மூன்று கம்பெனிகளை அடக்கம் செய்துவிட்டு நான்காவதாக இங்கே வந்து உட்கார்ந்தவள். அதனால் எனக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

எங்கள் கம்பெனியின் பெயர் ஃபெரிகேட். டௌன்சென்ட் தெருவில், சைக்கிள் கடைக்கு மேலே. நாங்கள் விற்றது வாசல். பெரிய ஆபீசில் வேலை பார்ப்பவருக்கு லீவு கேட்க ஒரு மென்பொருள், சம்பளச் சீட்டுக்கு இன்னொன்று, யார் எந்த ஷிஃப்ட் என்று பார்க்க வேறொன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு கடவுச்சொல். அத்தனையையும் ஒரே பக்கத்தில், ஒரே கடவுச்சொல்லில் திறந்து வைப்பதுதான் எங்கள் சரக்கு. தொழிலில் அதைப் போர்ட்டல் என்பார்கள். அதை மட்டும் செய்து பிழைத்த சுயேச்சைக் கம்பெனிகள் ஒரு காலத்தில் எட்டு இருந்தன. பிறகு பெரிய கம்பெனிகளுக்கு மூக்கில் வியர்த்தது. அவர்களும் ஒரு வாசலைச் செய்து, தங்கள் மற்ற சரக்கோடு சும்மா கொடுக்க ஆரம்பித்தார்கள். எங்களுடையதுதான் நன்றாக ஓடும். அதை அவர்களே ஒப்புக்கொள்வார்கள்.

இந்த இடத்தில் தார்ன்பரி ஆய்வு நிறுவனத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கனெக்டிகட்டில் இருக்கிறது. ஒரு மென்பொருளும் எழுதியதில்லை, ஒன்றையும் ஓட்டிப் பார்த்ததில்லை. எந்தக் கம்பெனி பிழைக்கும், எது சாகும் என்று சொல்வது மட்டுமே அதற்குத் தொழில். வருஷத்துக்கு ஒரு அறிக்கை, அதில் ஒரு படம். படத்தின் வலது பாதி மணல் நிறம், இடது பாதி வெளிர்நீலம். கம்பெனிக்கு ஒரு புள்ளி. மணலில் இருந்தால் கரை, நீலத்தில் இருந்தால் தண்ணீர். இதற்குக் கரைப்படம் என்று பெயர். நாட்டில் எந்தப் பெரிய ஆபீசும் இந்தப் படத்தைப் பார்க்காமல் ஒரு மென்பொருள் வாங்காது. எங்கள் முதலாளி ராஸ்கோ டில்லரி இதற்காகவே மேசை இழுப்பறையில் ஓர் எஃகு அளவுகோல் வைத்திருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் புள்ளி வலப்பக்கம் இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தபோது கேக் வெட்டினோம். நான்தான் வாங்கிவந்தேன், எலுமிச்சை கேக்.

அந்த வியாழக்கிழமை வந்தது அறிக்கையின் முன்வரைவு. படம் கிடையாது, எழுத்து மட்டும். அதில் தகவல் பிழை இருந்தால் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் சொல்லலாம் என்பது தார்ன்பரியின் பெருந்தன்மை. ராஸ்கோ அதை லொரெட்டாவிடம் கொடுத்தார்.

லொரெட்டா வேனக்குக்கு ஐம்பத்துநான்கு வயது. எங்கள் மென்பொருளின் கையேடுகளை எழுதுகிறவள். 'இந்தப் பொத்தானை அழுத்துங்கள்' என்று எழுதும் முன் அந்தப் பொத்தானைத் தானே அழுத்திப் பார்ப்பாள். எழுதியிருப்பது தப்பென்றால் திருத்திவிடலாம் என்று உலகத்தில் இன்னும் நம்பிக்கொண்டிருந்த ஒரே ஆள். அவள் கணவர் எமில் பியானோவுக்குச் சுருதி கூட்டுகிறவர். சொந்தத் தொழில், ஆகையால் இன்சூரன்ஸ் மனைவியின் வேலை வழியாகத்தான்; வேலை போனால் அதுவும் போகும். அவருக்கு எலும்பு மஜ்ஜையில் நோய். மாற்று மஜ்ஜை வைக்க பாலோ ஆல்டோவில் ஜூலை ஒன்பதாம் தேதி குறித்திருந்தார்கள். அதற்கு இன்சூரன்ஸ்காரர்களிடம் அனுமதி வாங்க ஏழு மாசம் ஆயிற்று. காகிதமெல்லாம் என் மேசை வழியாகப் போனதால் எனக்குத் தெரியும். லொரெட்டா யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. எங்கள் கம்பெனி ஜூலை ஒன்பது வரைக்குமாவது உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

முன்வரைவில் ஒரு வரி: "சுயேச்சை வாசல் நிறுவனங்கள் 2006க்குள் இல்லாமல் போகும். நிகழ்தகவு 0.8."

லொரெட்டா உட்கார்ந்து பதில் எழுதினாள். நாங்கள் இருக்கிறோம், லாபத்தில் இருக்கிறோம், முப்பத்தொரு பேர் வேலை பார்க்கிறோம், பெயர்ப் பட்டியல் இணைப்பில். மறுநாள் தார்ன்பரியிலிருந்து போன். பேசியவர் தலைமை ஆய்வாளர் ப்ரெஸ்டன் ஆல்டர்காட். போனை ஸ்பீக்கரில் போட்டாள், நானும் பக்கத்தில் நின்றேன்.

"மேடம், நீங்க இப்ப இருக்கறதை நாங்க மறுக்கவே இல்லையே. இனிமே இருக்க மாட்டீங்கன்னுதான் சொல்றோம்."

"அது தப்புங்க. எங்ககிட்ட ஆதாரம் இருக்கு."

"அது தப்பா இருக்க முடியாது மேடம். அது கணிப்பு. கணிப்பு தகவல் இல்ல. தகவலைத்தான் திருத்த முடியும். ஆனா உங்க கடிதத்துல ஒரு நல்ல விஷயம் கண்டுபிடிச்சோம். ஊழியர்கள் முப்பதுன்னு போட்டிருந்தோம். முப்பத்தொண்ணுன்னு திருத்திட்டோம். ரொம்ப நன்றி."

போனை வைத்த பிறகு லொரெட்டா என்னைப் பார்த்தாள். "அந்த ஆளு மரியாதையாத்தான் பேசறாரு, இல்ல?"

"பேசுவான், பேசுவான்," என்றேன். "ஆளைக் கழுவுல ஏத்தறவன் கடுகடுன்னா இருப்பான்?"

ஏப்ரல் பாதியில் அறிக்கை வெளிவந்தது, படத்தோடு. எங்கள் புள்ளி தண்ணீரில். விளிம்பில்கூட இல்லை, நல்ல ஆழத்தில். ராஸ்கோ அளவுகோலை எடுத்துப் பார்த்துவிட்டு, எடுத்ததற்காக வருத்தப்பட்டார். கரையிலிருந்து பதினொரு மில்லிமீட்டர்.

ஆபீசே இழவு வீடாகிவிட்டது. லொரெட்டா மட்டும் அந்த அறுபது பக்கத்தையும் முதலிலிருந்து படித்தாள். அதை முழுசாகப் படித்த ஒரே மனுஷி அவளாகத்தான் இருப்பாள், எழுதியவர்களையும் சேர்த்தே சொல்கிறேன். மூன்றாம் நாள் மத்தியானம் என் மேசைக்கு ஓடி வந்தாள்.

"ஓப்பல், நாப்பத்தாறாம் பக்கம் பாருடி! மதிப்பெண் அட்டவணை. கரைக்கு மூணு வேணும். நமக்கு மூணு புள்ளி ஒண்ணு. நாம கரையிலதான் இருக்கோம்!"

"அப்ப புள்ளி எதுக்கு தண்ணியில கிடக்கு?"

"அதத்தான் கேக்கப் போறேன்."

தார்ன்பரியில் படம் போடும் பிரிவுக்குப் போன் செய்தாள். எடுத்த மனுஷன் வெள்ளந்தி. "ஃபெரிகேட்டா? ஓ, ஞாபகம் இருக்கு. உங்க புள்ளி வர்ற இடத்துலதான் விளக்கக் கட்டம் வருது. எது எந்த நிறம்னு போடுவோம் இல்ல, அந்தக் கட்டம். உங்க பேரு அதுமேல ஏறிடுச்சு. படிக்கவே முடியல. சரி, இடதுபக்கம் தள்ளி வெச்சா பளிச்சுன்னு தெரியும்னு தள்ளினேன். தெரியுது இல்ல?"

"நல்லாத் தெரியுதுங்க," என்றாள் லொரெட்டா.

அன்று எங்கள் ஆபீசில் எல்லோரும் சிரித்தோம். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வருஷம் நாங்கள் சிரித்த கடைசிச் சிரிப்பு அது. தப்பு கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டது, இனித் திருத்தினால் போயிற்று என்றுதானே யாரும் நினைப்பார்கள்? லொரெட்டா மூன்று வரியில் கடிதம் எழுதினாள். தார்ன்பரியின் பதில் பத்து நாள் கழித்து வந்தது. படம் என்பது விளக்கத்துக்காக வரையப்பட்டது. சரியான தகவலுக்கு அட்டவணையைப் பார்க்கவும். அட்டவணை சரியாக உள்ளது. ஆகவே அறிக்கையில் பிழை ஏதும் இல்லை.

அதற்குள் எங்கள் வாடிக்கையாளர்களில் நான்கு பேர் விலகிவிட்டார்கள். எல்லோரும் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள்: உங்கள் வாசலில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, படத்தில்தான் குறை. மிச்சம் இருந்ததில் பெரியது லாஸ் பாலோமாஸ் கவுண்டி மருத்துவமனை. அதன் ஒப்பந்தம் ஜூன் முப்பதோடு முடிகிறது. ராஸ்கோ எங்களை எல்லாம் கூப்பிட்டு நிற்க வைத்து, "அது கையெழுத்தாச்சுன்னா பொழைச்சோம், இல்லேன்னா மூட்டை கட்ட வேண்டியதுதான்," என்று உடைத்துச் சொல்லிவிட்டார். லொரெட்டா பின்வரிசையில் நின்றாள். கையில் இருந்த காப்பியைக் குடிக்கவே இல்லை.

மே மாசம் ஆர்லாண்டோவில் தார்ன்பரியின் மாநாடு. ராஸ்கோ லொரெட்டாவையே அனுப்பினார், நாற்பத்தாறாம் பக்கத்தை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவள் அவள்தான் என்று. துணைக்கு நான். அங்கே வருஷா வருஷம் ஓர் அரங்கம் நடக்கும், 'சுயேச்சை வாசல் நிறுவனங்களின் எதிர்காலம்' என்று. எதிர்காலம் யாருடையதோ அவர்களை மேடையில் வரிசையாக நாற்காலி போட்டு உட்கார வைத்து, அவர்களுக்கு எதிர்காலம் இல்லை என்பதை விளக்குவார்கள். எட்டு நாற்காலியில் தொடங்கிய அரங்கம். இந்த வருஷம் மூன்று. காலையில் மூன்று பேரும் கை குலுக்கிக்கொண்டார்கள். சாப்பாட்டு இடைவேளையில் ஆஸ்டின்காரரின் கம்பெனியைப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது. அவர் வந்து கழுத்தில் தொங்கிய கம்பெனிப் பெயரட்டையை மாற்றிக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். ஓட்டல் ஆள் வந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனான். மற்றொருவர், பாஸ்டன்காரர், "ஒரு போன் பண்ணிட்டு வந்துடறேன்," என்று எழுந்து போனவர் திரும்பவே இல்லை. அந்த நாற்காலியும் போயிற்று.

ஆக மேடையில் லொரெட்டா மட்டும், மடியில் அறிக்கை. ஆல்டர்காட் ஒலிபெருக்கி முன்னால் வந்தார். ஒல்லியான, நல்ல சிரிப்புள்ள மனிதர்.

"நண்பர்களே, சுயேச்சை நிறுவனங்கள் மறையும்னு மூணு வருஷம் முன்னாடியே சொன்னோம். அப்ப எட்டு பேர் இருந்தாங்க. எங்களை நம்பி நீங்க அவங்ககிட்ட வாங்கறதை நிறுத்தினீங்க. இப்ப பாருங்க, மறைஞ்சுட்டாங்க. எங்க கணிப்புல நூத்துக்குத் தொண்ணூத்திநாலு பலிக்குது. இந்தப் பெருமை எங்களுக்கு மட்டும் இல்ல, உங்களுக்கும்தான்."

கைதட்டல். லொரெட்டா பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினாள்.

"சார், அவங்க பொழைச்சுப்பாங்கன்னு நீங்க சொல்லியிருந்தா?"

"நல்ல கேள்வி. எல்லாரும் வாங்கியிருப்பாங்க, அவங்களும் பொழைச்சிருப்பாங்க. அப்பவும் நாங்க சொன்னதுதான் பலிச்சிருக்கும். எங்க பொறுப்பு எவ்வளவு பெரிசுன்னு இப்பப் புரியுதா?"

இன்னும் பலமான கைதட்டல். ஆஸ்டின்காரரும் தட்டினார்.

பிறகு லொரெட்டா நாற்பத்தாறாம் பக்கத்தை விரித்து அவரிடம் காட்டினாள். விளக்கக் கட்டத்தின் கதையையும் சொன்னாள். ஆல்டர்காட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார். அவர் மறுக்கவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குப் பாவம்.

"மேடம், நீங்க சொல்றது உண்மை. ஏப்ரல்ல அந்தப் புள்ளி தப்பான இடத்துலதான் இருந்துச்சு. ஆனா அதுக்கப்புறம் படத்தைப் பார்த்து உங்க வாடிக்கையாளர் நாலு பேர் போயிட்டாங்களே. போன வாரம் மறுபடி கணக்குப் போட்டோம். இப்ப உங்க மதிப்பெண் ரெண்டு புள்ளி ஆறு. புள்ளி இப்ப சரியான இடத்துலதான் இருக்கு. இன்னும் சொல்லப்போனா, எங்க ஆய்வாளருங்களுக்கு முன்னாடியே எங்க படம் போடறவருக்கு அது தெரிஞ்சிருக்கு. அவருக்கு இந்த வருஷம் விருது குடுக்கலாம்னு இருக்கோம்."

விமானத்தில் திரும்பும்போது லொரெட்டா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். டெக்சஸ் தாண்டும்போது, "எமிலுக்கு விஷயம் எதுவும் தெரியாது. ஆர்லாண்டோவுல பரிசு ஏதாவது வாங்கப் போயிருக்கேன்னு நெனச்சிட்டிருக்காரு," என்றாள். கடலைப் பொட்டலத்தைப் பிரித்து அவள் கையில் கொட்டினேன்.

ஜூன் எட்டாம் தேதி இருவரும் என் காரில் லாஸ் பாலோமாஸுக்குப் போனோம். மூன்று மணி நேரம், வழியெல்லாம் பாதாம் தோப்பு. கொள்முதல் அதிகாரி மார்ஜரி தூன் எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து கட்டிக்கொண்டார்.

"உங்க வாசல்னா எங்க நர்ஸுங்களுக்கு உயிருங்க. நாலு வருஷமா ஒரு புகார் வந்ததில்ல. போன மாசம் ஒரு மணி நேரம் கரண்ட் போச்சு, வாசல் திறக்கலைன்னு எல்லாரும் பண்ணின ரகளைய நீங்க பாத்திருக்கணும்."

"அப்ப ஒப்பந்தத்த..."

"அதான் முடியாதே. கரைப்படத்துல கரையில இருக்கறவங்ககிட்டதான் வாங்கணும். விதி பதினாலு."

லொரெட்டா நாற்பத்தாறாம் பக்கத்தை எடுத்தாள். நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். மார்ஜரி தலையாட்டிக்கொண்டே கேட்டார். 'அநியாயம், அநியாயம்' என்று இரண்டு தடவை வாய்விட்டுச் சொன்னார்.

"ஆனா பாருங்க, விதியில அட்டவணைன்னு இல்ல. படம்னுதான் இருக்கு. அட்டவணையப் படிக்கறதுக்கு எங்களுக்கு ஏது நேரம்? அதனாலதானே படம்." கொஞ்சம் யோசித்துவிட்டு முகம் மலர்ந்தார். "ஒரு வழி இருக்கு. கரையில இருக்கற யாராவது உங்களை வாங்கிட்டா, அன்னிக்கே நான் கையெழுத்துப் போட்டுடுவேன்."

"வாங்கினவங்க எங்க வாசலைத் தூக்கிக் கடாசிட்டா, உங்க நர்ஸுங்க என்ன பண்ணுவாங்க?"

"அது விதியில இல்லீங்களே," என்றார் மார்ஜரி, நிஜமான வருத்தத்தோடு. கிளம்பும்போது அவர் வீட்டு மரத்துப் பீச் பழங்கள் ஒரு பை நிறையக் கொடுத்தார்.

இதை ராஸ்கோவிடம் சொன்னோம். அந்த மனுஷன் கெட்டவரில்லை. ஒன்பது வருஷம் ஊட்டி வளர்த்த கம்பெனி. அடுத்த இரண்டு வாரம் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேசினார். ஜூன் இருபத்தைந்தாம் தேதி ஃபெரிகேட்டை ஒரு பெரிய கம்பெனி வாங்கியது. திங்கட்கிழமை மார்ஜரி சொன்ன சொல் தவறாமல் கையெழுத்துப் போட்டார். அன்று மத்தியானமே பெரிய கம்பெனியின் பணியாளர் பிரிவிலிருந்து ஓர் அம்மாள் வந்து, எங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு தொப்பி கொடுத்துவிட்டுப் பேசினார்.

"எங்க குடும்பத்துக்கு உங்களை மனசார வரவேற்கிறோம். நம்ம குடும்பத்துல ஒருத்தரை ஒருத்தர் கைவிடறதே இல்ல. இந்தப் பயணத்துல உங்க பங்கு புதன்கிழமையோட நிறைவடையுது. வெளியில உங்களுக்குக் காத்திருக்கற புது வாய்ப்புகளைப் பாத்து எனக்கே பொறாமையா இருக்கு."

லொரெட்டா எழுந்தாள். "என் வீட்டுக்காரருக்கு ஜூலை ஒம்பதாம் தேதி ஆபரேஷன். இன்சூரன்ஸ்?"

"உங்க பழைய இன்சூரன்ஸ் ஜூன் முப்பதோட முடியுதும்மா. கவலையே வேண்டாம், கைக்காசு கட்டினா எங்களோடதுல நீங்க சேர்ந்துக்கலாம். எல்லாம் அப்படியே தொடரும்."

"அனுமதியும் தொடருமா?"

"அது புதுசா வாங்கணும். முதல் பக்கத்துலேர்ந்து."

ஒன்பது நாள். ஒன்பது நாள் போதாமல் போயிற்று. நான் அன்றே உட்கார்ந்து அந்த அனுமதிப் படிவங்களை நிரப்பினேன். வேலை போன நாளில் நான் பார்த்த வேலை அது ஒன்றுதான். புதன்கிழமை மாலை தொப்பியைக் குப்பையில் போட்டேன். எங்கள் வாசலை அந்தக் கம்பெனி ஆகஸ்டிலேயே மூடிவிட்டது. லாஸ் பாலோமாஸ் நர்ஸுகளுக்கு இப்போது ஏழு கடவுச்சொல் என்று கேள்விப்பட்டேன். தார்ன்பரியின் கணிப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றாறாக உயர்ந்தது என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். ஆல்டர்காட்டின் சிரித்த முகம், பக்கத்தில் படம் போடுகிறவர், கையில் கேடயம்.

ஜூலை ஒன்பதாம் தேதி பாலோ ஆல்டோவில் அந்தக் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். லொரெட்டா எமிலைக் கூட்டிக்கொண்டு டாக்டரைப் பார்க்கப் போனபோது நானும் போயிருந்தேன். டாக்டர் அடேயர் சின்ன வயசுப் பெண். எமிலுக்கு மூச்சு வாங்கியது. அவர் வெளியே போய் உட்கார்ந்ததும் லொரெட்டா கேட்டாள்.

"அனுமதி வர அக்டோபர் ஆகும்ங்கறாங்க. அதுவரைக்கும் அவர் தாங்குவாரா டாக்டர்? நூத்துக்கு எத்தனை?"

"நான் அப்படி நம்பர் சொல்றதில்லைங்க."

"சும்மா ஒரு கணக்குக்குச் சொல்லுங்களேன்."

"சொன்னா நீங்க அதை நம்பிடுவீங்க. அவரும் நம்பிடுவாரு. அப்புறம் எனக்கு வேலை இருக்காது. வாரா வாரம் கூட்டிட்டு வாங்க, பாத்துக்கலாம்."

லொரெட்டா அங்கேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆறு வருஷமாக அவளைத் தெரியும், அவள் அழுது அன்றுதான் பார்த்தேன். ஆனால் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் கொஞ்சம் தெம்பாகத்தான் இருந்தாள். வாரா வாரம் கூட்டிக்கொண்டு போனாள். ஜூலை முழுக்க, ஆகஸ்ட் முழுக்க. எமில் காரில் பின்சீட்டில் படுத்துக்கொண்டு, ரேடியோவில் வருகிற பியானோவில் எந்தக் கட்டை சுருதி விலகியிருக்கிறது என்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டு வருவார்.

செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி எமில் போய்விட்டார்.

அக்டோபர் நான்காம் தேதி லொரெட்டா என் வீட்டில் இருந்தாள். நான்தான் வற்புறுத்திச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். அவள் செல்போன் அடித்தது. இன்சூரன்ஸ் ஆபீசிலிருந்து ஒரு பெண். குரல் எனக்கே கேட்டது, அவ்வளவு சந்தோஷம் அதில்.

"திருமதி வேனக்? நல்ல சேதிங்க! உங்க வீட்டுக்காரர் ஆபரேஷனுக்கு அனுமதி கெடச்சிடுச்சு! காலையிலதான் கையெழுத்தாச்சு. இந்த ஃபைலுக்காக நான் ரொம்ப அலைஞ்சேங்க, அதான் கடுதாசி வர்ற வரைக்கும் பொறுக்காம போன் பண்ணிட்டேன்."

லொரெட்டா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அவர் பக்கத்துல இருக்காரா மேடம்? நானே சொல்லட்டுமா?"

போனைப் பிடுங்கி நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று நான் எழுந்தேன். லொரெட்டா கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னாள்.

"வேண்டாம்மா," என்றாள். "நீ இவ்வளவு தூரம் அலைஞ்சதே பெரிசு. நானே சொல்லிக்கறேன்."

பிறகு கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, கோல்மா வரைக்கும் காரில் கொண்டுபோய் விடுகிறாயா என்று என்னைக் கேட்டாள். அங்கே கல்லறைத் தோட்டத்தை ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுச் சாவியை எடுத்தேன்.